சில்வேர் மாஸ்: பார்தாலி வராததால் வென்றவரா?

ஜூன் 29, வாசகர் ஒருவரின் கேள்வி

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1935, 1936, 1939 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மாஸ் என்ற பெயர் வருகிறது. எல்லாம் ஒரே குடும்பமா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். 1936இலும் 1939இலும் இத்தாலிய அணி பந்தயத்துக்கே வரவில்லை என்று படித்தேன். இத்தாலியின் பெரும் சைக்கிள் வீரர் ஜினோ பார்தாலி இல்லாத இரண்டு ஆண்டுகளில் வென்ற சில்வேர் மாஸை ஏன் பெரிய வீரர் என்று சொல்ல வேண்டும்? ஆளில்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை, அவ்வளவுதானே?

ஜூன் 29, இரவு

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஒரே குடும்பம் இல்லை. 1935இல் வென்றவர் ரோமேன் மாஸ். 1936, 1939 ஆகிய இரண்டையும் வென்றவர் சில்வேர் மாஸ். இருவரும் பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதிக்காரர்கள், ஆனால் உறவினர்கள் அல்லர். அந்த வட்டாரத்தில் மாஸ் என்ற குடும்பப்பெயர் மூலைக்கு மூலை உண்டு.

இரண்டாவது கேள்வி என்னைத் தூங்கவிடாது. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 30

இத்தாலிய அணி அந்த இரண்டு ஆண்டுகளும் வரவில்லை என்பது உண்மை. 1936இல் எத்தியோப்பியா மீது இத்தாலி தொடுத்த அபிசீனியப் போரும் அதையொட்டிய பொருளாதாரத் தடைகளும் காரணம். 1939இல் ஐரோப்பாவே பற்றி எரியக் காத்திருந்தது. இத்தாலியோடு ஜெர்மனியும் ஸ்பெயினும் ஒதுங்கிக்கொண்டன. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் “ஆளில்லாத ஊர்” என்றீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 1936இல் மாஸுக்கு அடுத்து வந்தவர் அந்தோனென் மாஞ். 1931, 1934 என இரண்டு முறை டூர் வென்ற பிரெஞ்சு வீரர், மலையும் தெரியும், கணக்கும் தெரியும். அவரை மாஸ் 26 நிமிடம் 55 விநாடி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளினார். மூன்றாவது இடம் ஃபெலிசியன் வெர்வாக்கேவுக்கு, 27 நிமிடம் 53 விநாடி பின்னால். மலையேற்றத்தில் அந்தக் காலத்தில் வெர்வாக்கே எப்படிப்பட்டவர் என்பதற்கு, 1935லும் 1937லும் சிறந்த மலையேற்ற வீரர் பரிசு அவருக்குத்தான் போனது என்பதே சாட்சி. இவர்கள் ஆளில்லையா?

பார்தாலி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வந்தவர்களை மாஸ் எப்படி வென்றார் என்பது எழுத்தில் இருக்கிறது. நான் அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

ஜூலை 1

அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். 1909 ஆகஸ்ட் 27 அன்று சேவகோட்டே என்ற சிற்றூரில் பிறந்தவர். இன்று அது கிஸ்டெல் நகராட்சிக்குள் அடங்கும், ஓஸ்டெண்டு கடற்கரைக்கு அருகில். 1933இல் பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றார். 1934 டூரில் எட்டாவது, 1935இல் நான்காவது, 1936இல் முதலிடம். 1937இல் மஞ்சள் ஜெர்சியோடு, அதாவது மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் சட்டையோடு, பாதியில் வெளியேறினார். 1938இல் 14வது. 1939இல் மீண்டும் முதலிடம், கூடவே மலையேற்றப் பரிசும். அப்புறம் போர். போர் முடிந்த பின் 1947இல் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில் ஐந்தாவது. 1950களில் பெல்ஜிய அணியின் மேலாளர். 1966 டிசம்பரில் ஓஸ்டெண்டில் காலமானார்.

நான் கெண்ட் நகரில் வசிக்கிறேன். அவர் ஊர்ப்பக்கம் சைக்கிளில் பலமுறை போயிருக்கிறேன். புரூஜ் தாண்டிக் கடலை நோக்கித் திரும்பியதும் மரங்கள் குறைந்துவிடும். இருபுறமும் கால்வாயும் பீட்ரூட் வயலும்தான், காற்றைத் தடுக்க ஒரு சுவர்கூடக் கிடையாது. கடற்காற்று பக்கவாட்டிலிருந்து அடிக்கும்போது நேராகப் போகவே சைக்கிளைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மேடே இல்லாத இந்த மண்ணிலிருந்து எப்படி மலையேறுபவர் வந்தார் என்று பலர் வியப்பதுண்டு. அங்கே ஒரு நாள் எதிர்காற்றில் மிதித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வியப்பு இருக்காது. மேடு ஒரு இடத்தில் முடிந்துவிடும். அந்தக் காற்று வீடு வந்து சேரும்வரை விடாது.

ஜூலை 1, மாலை

1933 பாரிஸ்-ரூபே பற்றி ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கற்கள் பாவிய வடபிரெஞ்சுச் சாலைகளில் நடக்கும் ஒருநாள் பந்தயம் அது. மாஸுக்கு அப்போது 23 வயது. இரண்டாவது வந்தவர் ஜூலியன் வெர்வாக்கே, 1930இல் அதே பந்தயத்தை வென்றவர். மேலே சொன்ன ஃபெலிசியனின் அண்ணன்.

எல்லோரும் இரண்டு மாஸ்களையும் சகோதரர் என்று நினைக்கிறார்கள். உண்மையான சகோதரர்கள் வெர்வாக்கேக்கள்தான், அதை யாரும் கேட்பதே இல்லை! ஜூலியன் 1940 மே மாதம், ஜெர்மானியப் படையெடுப்பின் குழப்பத்தில் கொல்லப்பட்டார்.

ஜூலை 3

இப்போது 1936. அந்த ஆண்டு டூரைப் புரிந்துகொள்ள அன்றைய சைக்கிளைப் புரிந்துகொள்ள வேண்டும். பந்தயத்தை உருவாக்கிய ஹென்றி தெக்ராஞ்ச், ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை முன்னணி வீரர்களுக்கு அனுமதிக்கவே இல்லை. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். உச்சியில் மறுபடியும் அதே வேலை.

இங்கே பழைய சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். 1930களின் பந்தய சைக்கிள் ஒன்றை அவர் பட்டறையில் எனக்குத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். பின்சக்கரத்தை இறக்கை வைத்த நட்டுகள் பிடித்திருக்கும். விரலாலேயே திருகிக் கழற்றலாம், ஸ்பேனர் வேண்டாம். கழற்றியதும் செயினை இறக்கிவிட்டு, சக்கரத்தைத் திருப்பி, செயினை மறுபக்கப் பல்லில் மாட்டி, சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க வேண்டும். இழுக்கும்போது சக்கரம் ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் டயர் சட்டத்தில் உரசும். ஒரு கையால் நேராகப் பிடித்துக்கொண்டே மறுகையால் இரண்டு நட்டையும் மாறி மாறி முறுக்க வேண்டும். விரலெல்லாம் கிரீஸ். வெதுவெதுப்பான பட்டறைக்குள்ளேயே எனக்குக் கட்டைவிரல் வலித்தது. ஆல்ப்ஸ் உச்சியில் மழையில் விறைத்த விரலோடு இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

கைவேகம் இதில் பாதிதான். எப்போது இறங்குவது என்பதுதான் மீதி. சீக்கிரம் மாற்றினால் சமதரையில் கால் காற்றில் சுற்றும். தாமதித்தால் முதல் செங்குத்திலேயே தொடை எரியும். இறங்கி நிற்கும் அந்தக் கணத்துக்காகவே எதிராளி காத்திருப்பான். மாஸ் இந்தக் கணக்கில் தேர்ந்தவர் என்பது என் முடிவு. கிரெனோபிள் நகரிலிருந்து பிரியான்சோனுக்குப் போன எட்டாவது கட்டத்தில் (டூர் பல கட்டங்களாக நடக்கும், பெரும்பாலும் நாளுக்கு ஒன்று) மஞ்சள் ஜெர்சியை வாங்கினார், பாரிஸ் வரை கழற்றவில்லை. பிரனீஸ் மலைகளில் லுஷோனிலிருந்து போ நகருக்குப் போன கட்டத்தில் அவர் முதலாவதாக வந்தபோது மாஞ் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டுதான் தெக்ராஞ்சும் ஓய்ந்தார். அறுவைச் சிகிச்சை செய்த உடம்போடு காரில் பந்தயத்தைத் தொடர முயன்றவர், தொடக்கத்திலேயே முடியாமல் பொறுப்பை ஜாக் கோதேயிடம் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு, 1937இல், கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி வந்தது. ஆக, சக்கரத்தைத் திருப்பிப் போடும் யுகத்தின் கடைசி டூர் வெற்றியாளர் மாஸ்.

ஜூலை 4

ஒருவர் எதிர்வாதம் வைத்திருக்கிறார், நல்ல எதிர்வாதம். 1936 டூரில் அணியாகச் சேர்ந்து கடிகாரத்துக்கு எதிராக ஓடும் நேர ஓட்டங்கள் நிறைய இருந்தன, பெல்ஜிய அணி வலுவான அணி, மாஸின் நிமிடங்களில் ஒரு பங்கு தோழர்கள் சம்பாதித்துக் கொடுத்ததுதானே என்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அணியில் அதே நேர ஓட்டங்களை ஓடிய வெர்வாக்கே அவருக்கு 28 நிமிடம் பின்னால் இருக்கிறாரே? அணி கொடுத்தது இருவருக்கும் பொது. மிச்சம் மாஸின் கால்.

ஜூலை 6

1937. இந்த இழையில் எல்லோரும் காத்திருந்தது இதற்குத்தான் என்று தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். பிரனீஸ் மலைகளைத் தாண்டும் நேரத்தில் மாஸ் மஞ்சள் ஜெர்சியில் இருந்தார். பின்னாலேயே பிரெஞ்சு வீரர் ரோஜே லாபெபி. ஒரு காலை புறப்படும் முன் லாபெபியின் ஹேண்டில்பார் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. யார் அறுத்தார்கள் என்பது நிரூபிக்கப்படவே இல்லை. அவசரத்தில் மாட்டிய வேறு ஹேண்டில்பாரோடு ஓடினார். மலையில் ரசிகர்கள் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்கள். அதற்கு நடுவர்கள் 90 விநாடி தண்டனை கொடுத்தார்கள். போதாது என்றார்கள் பெல்ஜியர்கள். இதற்கு மேல் கொடுத்தால் வெளியேறுவோம் என்றார்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

அடுத்த நாள் போ நகரிலிருந்து போர்தோவுக்கு. சமதரைக் கட்டம், எதுவும் நடக்காது என்று எல்லோரும் நினைத்த நாள். மாஸுக்குப் பஞ்சர். முன்னால் லாபெபி பறக்கிறார். மாஸ் துரத்துகிறார். லாபெபி கடந்துபோன ரயில்வே கேட் மாஸ் வரும்போது மூடப்படுகிறது. தனிநபர்களாகப் பதிவு செய்து ஓடிய பெல்ஜியர்கள் இருவர், குஸ்தாஃப் டெலோரும் அடோல்ஃப் பிராக்கவெல்ட்டும், மாஸுக்குத் துணையாக மிதிக்கிறார்கள். அணியில் இல்லாதவர் உதவியது விதிமீறல் என்று மாஸுக்கு 15 விநாடி தண்டனை. கணக்கு முடிந்தபோது மாஸின் முன்னிலை வெறும் 25 விநாடி. போர்தோ மக்கள் கூச்சலிட்டார்கள், கல்லெறிந்தார்கள். மறுநாள் பெல்ஜிய அணி முழுவதும் ஊருக்குக் கிளம்பிவிட்டது. லாபெபி பாரிஸில் வென்றார்.

மஞ்சள் ஜெர்சியில் இருப்பவர் பந்தயத்தைத் தூக்கியெறிந்து போவது கோழைத்தனமா, மானமா? இதில்தான் நீங்கள் எல்லோரும் இரண்டாகப் பிரிவீர்கள்.

ஜூலை 6, பின்னிரவு

தனிப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்குள்ள சிறிய சங்கம் ஒன்றின் பந்தயங்களில் நான் ஓடியிருக்கிறேன். ஒருமுறை எங்கள் குழுவினர் கண்ணெதிரே நடந்த முறைகேட்டை நடுவர் கண்டுகொள்ளவில்லை. எங்கள் தலைவர் எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். நான் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாள் அது. நிறுத்தினேன். சரியென்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சாலையோரத்தில் நின்றுகொண்டு மற்றவர்கள் கடந்துபோவதைப் பார்த்த கசப்பு நெடுநாள் போகவில்லை. ஒரு சிறு பந்தயத்துக்கே அப்படி. டூரின் மஞ்சள் ஜெர்சியைக் கழற்றிப் பெட்டியில் மடித்து வைத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

கோழைத்தனம் என்று எழுதுபவர்கள் இதை யோசித்துவிட்டு எழுதட்டும்.

ஜூலை 7

இரவு எழுதியதை மறுபடி படித்தேன். உணர்ச்சி சரிதான், ஆனால் மறுபக்கத்தையும் வைத்தால்தான் நியாயம்.

பெல்ஜியர்களின் குறை என்ன? லாபெபிக்குக் கொடுத்த தண்டனை குறைவு, தங்களுக்குக் கொடுத்தது அநீதி. ஆனால் 15 விநாடித் தண்டனை விதிப்புத்தகத்தில் உள்ளபடிதான். டெலோரும் பிராக்கவெல்ட்டும் உதவியது உண்மை. ரயில்வே கேட்டை யாரோ வேண்டுமென்றே மூடினார்கள் என்று காட்டவும் முடியவில்லை. ஆக, விதிப்படி பார்த்தால் மாஸின் தரப்பு பலவீனமானது. கல்லெறிந்த கூட்டத்தின் நடுவே இன்னும் பல நாள் ஓட வேண்டும் என்ற பாதுகாப்புக் கவலைதான் வலுவான காரணம். அது ஒன்றே போதும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1937இல் இத்தாலியர்கள் வந்திருந்தார்கள், பார்தாலியும் வந்தார். மஞ்சள் ஜெர்சியையும் அணிந்தார். பிறகு ஆற்றில் விழுந்து அடிபட்டு, சில நாள் தாக்குப்பிடித்து வெளியேறினார். இறுதியில் இரண்டாவது இடம் மாரியோ விச்சினி என்ற இத்தாலியருக்கு. அப்படியென்றால் இத்தாலியர்கள் வந்த ஆண்டிலும் 16 கட்டங்களுக்குப் பிறகு முதலிடத்தில் இருந்தவர் மாஸ்தான். கேள்வி கேட்ட நண்பருக்கு இதைத் தனியாகச் சுட்டிக்காட்டுகிறேன்.

ஜூலை 8

டெலோர் யார் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தை 1935இல் முதன்முதலில் வென்றவர், 1936இலும் வென்றவர். 1940இல் பெல்ஜியத்தின் எபன்-எமால் கோட்டை விழுந்தபோது ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். போருக்குப் பின் அமெரிக்காவுக்குக் குடியேறி, கேப் கனாவெரலில் ராக்கெட் தொடர்பான வேலையில் இருந்தார். தன் பந்தயத்தில் இரண்டு முறை மகுடம் சூடிய ஒருவர், போர்தோ சாலையில் பதிவேட்டில் தன் தோழனாகக்கூட இல்லாத மாஸுக்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் மிதித்தார். இந்த விநாடிகளைத்தான் நடுவர்கள் குற்றமாக எழுதினார்கள்.

ஜூலை 9

ரயில்வே கேட் என்றதும் ரோமேன் மாஸ் நினைவுக்கு வருகிறார். 1935 டூரின் முதல் கட்டம், பாரிஸிலிருந்து லீல். ரோமேனுக்கு 23 வயது நிறையவில்லை. முன்னால் தனியாக ஓடிக்கொண்டிருந்தவர் கேட் மூடுவதற்குச் சற்று முன் புகுந்து போய்விட்டார். துரத்தியவர்கள் ரயில் போகும்வரை நின்றார்கள். லீலில் அவர் முதலிடம், மஞ்சள் ஜெர்சி. அந்த ஜெர்சியை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டாவது வந்த அம்புரோஜியோ மொரெல்லியோடு வித்தியாசம் 17 நிமிடம் 52 விநாடி.

ஒரு மாஸுக்குத் திறந்த கேட், இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு மாஸுக்கு மூடியது.

ரோமேனைப் பற்றி இன்னொன்று: 1936 பாரிஸ்-ரூபேயில் முடிவுக்கோட்டை முதலில் தொட்டவர் அவர்தான் என்று பார்த்தவர்களில் பலர் உறுதியாகச் சொன்னார்கள். நடுவர்கள் ஜார்ஜ் ஸ்பெய்ஷேவை வெற்றியாளராக அறிவித்தார்கள். 1935க்குப் பிறகு அவர் எந்த டூரையும் ஓடி முடிக்கவில்லை. 1939இல் ஒரு அரைநாள் மஞ்சள் ஜெர்சி கிடைத்தது. காலை நேர ஓட்டத்தில் வென்று வாங்கினார், அன்று மாலையே இழந்தார். எனக்கு அவர்மேல் அளவுகடந்த பாசம் உண்டு. ஆனால் இந்த இழை சில்வேரைப் பற்றியது, திரும்புகிறேன்.

ஜூலை 11

1938ஐ நான் தவிர்க்கிறேன் என்று குற்றச்சாட்டு வந்திருக்கிறது. தவிர்க்கவில்லை. பார்தாலி முழு உடல்நலத்தோடு வந்தார், வென்றார். மாஸ் 14வது. பெல்ஜியர்களில் முன்னால் நின்றவர் வெர்வாக்கே. ஆல்ப்ஸ் வரும்வரை மஞ்சள் ஜெர்சியில் இருந்தார். தீஞ்-பிரியான்சோன் கட்டத்தில் பார்தாலி அதைப் பறித்தார், பாரிஸில் வெர்வாக்கே 18 நிமிடம் 27 விநாடி பின்னால் இரண்டாவது.

கேள்வி கேட்ட நண்பரின் வாதத்துக்கு இதுதான் உண்மையான பலம், இத்தாலிய அணி வராத ஆண்டுகள் அல்ல. இருவரும் கடைசிவரை ஓடிய ஒரே டூரில் பார்தாலி மாஸை எட்டாத உயரத்தில் நின்றார். மலையில் மாஸைவிடப் பார்தாலி மேல் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். பார்தாலியைவிடக் கீழே இருப்பவர் எல்லாம் சிறிய வீரர் என்றால் மட்டும் மறுப்பேன்.

ஜூலை 13

1939. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பொறுமையாக எழுதுகிறேன்.

பெல்ஜியம் இரண்டு அணிகளை அனுப்பியது. பிரெஞ்சு மக்களின் மனமெல்லாம் ரெனே வியெத்தோ பக்கம். 1934இல் இளைஞனாக வந்து, தன் தலைவர் மாஞ்சுக்குச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுத அதே வியெத்தோ. இப்போது தென்கிழக்கு வட்டார அணிக்காக ஓடி, நான்காவது கட்டத்திலிருந்து மஞ்சள் ஜெர்சியில் இருந்தார். பிரனீஸ் மலைகளிலும் மாஸால் அதை அசைக்க முடியவில்லை.

15வது கட்டம், தீஞ்சிலிருந்து பிரியான்சோன். இசோவார் கணவாயில் மாஸ் தாக்கினார். வியெத்தோ உடைந்துபோனார். அன்று ஒரே நாளில் இழந்தது ஏறத்தாழ 17 நிமிடம்.

மறுநாள் நடந்ததுதான் எனக்குப் பெரிது. ஒரே நாளில் மூன்று பகுதிகள். காலையில் பிரியான்சோனிலிருந்து கலிபியே கணவாய் தாண்டிப் பொன்வால் வரை 126 கிலோமீட்டர். அடுத்து பொன்வாலிலிருந்து இசெரான் கணவாய் வழியாக பூர்-சேன்-மோரீஸ் வரை 64.5 கிலோமீட்டர் தனிநபர் நேர ஓட்டம், டூரின் முதல் மலை நேர ஓட்டம் அது. அது முடிந்ததும் அன்னெசி வரை இன்னும் 104 கிலோமீட்டர். நேர ஓட்டத்தில் மாஸ் முதலிடம். வியெத்தோவுக்கு மேலும் சுமார் பத்து நிமிட நட்டம். பாரிஸில் மொத்த வித்தியாசம் 30 நிமிடம் 38 விநாடி.

ஜூலை 14

இசெரானில் நான் ஏறியிருக்கிறேன், மாஸ் ஏறிய அதே தெற்குப் பக்கத்திலிருந்து. பொன்வால் கிராமமே ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்வீடுகள், கற்பலகை ஓட்டுக் கூரைகள். ஊரை விட்டதும் சாலை செங்குத்தாக வளைந்து எழும். நடுவில் கொஞ்சம் தணியும், அங்கே கால் ஆறிவிட்டது என்று நம்பினால் போச்சு. கடைசிக் கிலோமீட்டர்களில் சாலை மறுபடி நிமிரும், மூச்சு பாதிதான் கிடைக்கும். உச்சி 2,700 மீட்டருக்கு மேல். ஜூலையிலும் ஓரங்களில் பனி கிடந்தது.

இந்த நேர ஓட்டத்தை மலையேற்றம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். சாலையில் போனபோதுதான் எனக்கு உறைத்தது: ஏற்றம் 13 கிலோமீட்டர்தான். மீதி சுமார் 50 கிலோமீட்டர் இறக்கம்! உச்சியிலிருந்து வால் திசேர், தீஞ் என்று பள்ளத்தாக்கில் விழுந்துகொண்டே போகும். வியர்வையில் நனைந்த சட்டையோடு குளிர்காற்றில் இறங்க வேண்டும். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து எனக்கு முன்னங்கை மரத்துவிட்டது, அதுவும் இன்றைய பிரேக், இன்றைய தார்ச்சாலை. ஏறுபவன் மட்டும் வெல்லும் பந்தயமல்ல அது. ஏறிக் களைத்த பிறகு நடுங்காமல் இறங்கி, இறங்கிய பின் பள்ளத்தாக்கில் மறுபடி மிதிக்கத் தெரிந்தவன்தான் வெல்லுவான். அன்று காலையிலேயே கலிபியே ஏறி இறங்கிய கால்களோடு.

இறங்கும் வழியில் இப்போது பெரிய அணைக்கட்டு ஏரி இருக்கிறது. 1952இல் பழைய டீஞ் கிராமம் அதில் மூழ்கடிக்கப்பட்டது. மாஸ் இறங்கிவந்தபோது அந்த ஊர் உயிரோடு இருந்தது.

(மேலே “தீஞ்” என்று இரண்டு ஊர்களுக்கும் எழுதிவிட்டேன் என்று ஒருவர் குழம்பியிருக்கிறார். 15வது கட்டம் தொடங்கியது தெற்கே உள்ள வேறு ஊர். ஏரியில் மூழ்கியது இசெரான் அடிவார டீஞ்.)

ஜூலை 16

பிரெஞ்சு ரசிகர்கள் வியெத்தோவைக் கொண்டாடுவதைப் பற்றி ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கு வருத்தமில்லை. வியெத்தோவின் வாழ்க்கையில் கண்ணீரும் தியாகமும் கைநழுவிய வெற்றியும் உண்டு. 1947இலும் கடைசி நாட்களில் ஒரு நீண்ட நேர ஓட்டத்தில் மஞ்சள் ஜெர்சியை இழந்தார். மக்கள் அப்படிப்பட்டவனை நேசிப்பது இயல்பு. மாஸிடம் கதை குறைவு. எங்கே காக்க வேண்டுமோ அங்கே காத்தார், எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே ஒரே அடி. ஆரவாரம் இல்லாத திறமைக்கு ரசிகர்கள் குறைவாகவே கிடைப்பார்கள், சைக்கிளில் மட்டுமல்ல.

ஜூலை 17

போர் அவரிடமிருந்து எதைப் பறித்தது என்று யாரும் கேட்கவில்லையே? 1939 டூர் முடிந்தது ஜூலை 30. ஒரு மாதத்தில் போர் தொடங்கியது. 1940 மே 10 அன்று பெல்ஜியத்துக்குள் ஜெர்மானியப் படை நுழைந்தது. டூர் மீண்டும் நடந்தது 1947இல்தான். மாஸுக்கு 30 வயதிலிருந்து 37 வயது வரை டூரே இல்லை.

அந்த 37 வயதில் 1947 ஜீரோவுக்குப் போனார். வென்றவர் ஃபவுஸ்தோ கோப்பி, இரண்டாவது பார்தாலி. ஐந்தாவது சில்வேர் மாஸ். இத்தாலிய மண், இத்தாலிய மலை, இத்தாலியர்கள் அனைவரும் வந்திருந்த பந்தயம். இத்தாலியர் வராததால் வென்றவர் என்ற வாதத்துக்கு இதைவிடச் சிறந்த பதில் எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 19

ஓய்வுக்குப் பின் என்ன செய்தார் என்ற கேள்விக்கு: கிஸ்டெலில் உணவகம் ஒன்று நடத்தினார். பிரனீஸ் மலைக் கணவாயின் பெயரால் அதற்குத் துர்மாலே என்று பெயர். மேலாளராக அணியை நடத்தியதையும் முன்பே சொன்னேன். அவருக்குப் பின் டூர் வென்ற அடுத்த பெல்ஜியர் எடி மெர்க்ஸ், 1969இல். நடுவில் முப்பது ஆண்டுகள்.

ஜூலை 21

கடைசியாக, முதல் நாள் கேட்ட நண்பர் திரும்பி வந்து, “சரி, பெல்ஜியர்களில் அவரை எங்கே வைப்பீர்கள்?” என்கிறார். டூரைக் கொண்டு மட்டும் சொல்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்ற பெல்ஜியர்கள் நால்வர். மெர்க்ஸ் ஐந்து முறை, ஃபிலிப் தைஸ் மூன்று முறை. இவர்களைப் பற்றிப் பேச்சில்லை. மாஸைப் போலவே இரண்டு முறை வென்றவர் ஃபிர்மின் லாம்போ, 1919இலும் 1922இலும். 1922இல் முன்னிலையில் இருந்த எக்டர் ஹியூஸ்கெம் சைக்கிள் மாற்றியதற்காக ஒரு மணி நேரம் தண்டிக்கப்பட்டதால்தான் லாம்போவுக்கு வழி திறந்தது, அந்த ஆண்டு அவர் ஒரு கட்டம்கூட வெல்லவில்லை. மாஸ் இரண்டு முறையும் மலையில் எதிராளியை நேருக்கு நேர் உடைத்து, அரைமணி நேர வித்தியாசத்தில் வந்து சேர்ந்தவர். ஆகவே மூன்றாவது இடம் அவருக்கு. மாற்றுக்கருத்து இருப்பவர்கள் 1936, 1939 இரண்டின் கட்டவாரி நேரங்களையும் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.